ஜெயில் செலவு யார் தலையில்?

வாசகர் கேள்வி:

"ஐயா, டல்லாஸுக்கு வடக்கே 14 வருஷமாக இருக்கிறேன். எச்-1பி வேலை விசா. கிரீன் கார்டு வரிசையில் 9 வருஷமாக நிற்கிறேன். இந்த வருஷம் வீட்டு வரி நோட்டீஸைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. 'கவுண்டி ஜெயிலில் கிடக்கும் இல்லீகல்களுக்குச் சோறு போடத்தான் நம் வரி போகிறது' என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டிருந்தார். எல்லையைக் காக்க வேண்டியது ஃபெடரல் அரசு. அது கோட்டை விட்டதற்கு நான் ஏன் தண்டம் கட்ட வேண்டும்? கவுண்டி பட்ஜெட் கூட்டத்தில் 3 நிமிஷம் பேசலாம் என்றிருக்கிறேன். எழுதியதை இணைத்திருக்கிறேன். திருத்தித் தர முடியுமா? பெயர் வேண்டாம்."

பதில்:

உங்கள் பேச்சை இரண்டு முறை படித்தேன். கோபம் நியாயமானது. கணக்குதான் உதைக்கிறது.

முதலில் அந்த வரி நோட்டீஸை எடுத்து முன்னால் வையுங்கள். நம் பகுதி வீட்டு வரியில் பெரும்பாலும் பாதிக்கு மேல் பள்ளி மாவட்டத்துக்குப் போகிறது. அடுத்தது நகராட்சி. கவுண்டி (நம் ஊர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். ஜெயில் அதற்குள்தான் அடக்கம். அதே வரிக்குள் கோர்ட், சாலை, தேர்தல் எல்லாம் உண்டு. ஆகவே உங்கள் வரி ஏறியதற்கு ஜெயிலைக் கைகாட்டும் முன், ஏறியது எந்த வரியில் என்று பார்த்துவிடுங்கள்.

நான் டெக்சாஸ் கவுண்டி ஒன்றின் நிதிப் பிரிவில் 19 வருஷம் இருந்தவன். அதில் கடைசி 8 வருஷம் 'ஸ்காப்' விண்ணப்பம் என் மேஜைக்குத்தான் வரும். நீங்கள் கேட்கும் கேள்விக்கு அமெரிக்க அரசு ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கும் பதில் அந்த ஸ்காப். குற்றம் செய்து தண்டனை பெற்ற, உரிய குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களைச் சிறையில் வைத்த மாநிலங்களுக்கும் கவுண்டிகளுக்கும் ஃபெடரல் நீதித் துறை தரும் ஈட்டுத்தொகை. உங்கள் பேச்சில் "வாஷிங்டன் ஒரு பைசா தருவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். பைசா தருகிறது. பைசாவாகத்தான் தருகிறது, அதுதான் சங்கடம்.

அந்தப் படிவம் எப்படி நிரம்புகிறது என்று சொல்கிறேன். ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை உள்ளே இருந்தவர்களின் பட்டியலை ஜெயில் ரெக்கார்ட்ஸ் அம்மா எனக்கு ஒரு எக்செல் ஷீட்டாக அனுப்புவார். பெயர், பிறந்த தேதி, பிறந்த நாடு, உள்ளே வந்த தேதி, வெளியே போன தேதி, குடியேற்றத் துறை கொடுத்த ஏ-நம்பர் இருந்தால் அதுவும். தொடர்ந்து 4 நாளாவது இருந்திருக்க வேண்டும். ஒரு ஃபெலனி (பெருங்குற்றம்) அல்லது இரண்டு மிஸ்டிமீனர் (சிறு குற்றம்) தண்டனை இருக்க வேண்டும். கைதாகி, வழக்கு தள்ளுபடியாகிப் போனவர் எத்தனை மாதம் உள்ளே கிடந்திருந்தாலும் கணக்கில் வர மாட்டார். ஒரே ஆள் மூன்று விதமான ஸ்பெல்லிங்கில் மூன்று முறை பதிவாகியிருப்பார். 'ஹெர்னாண்டஸ்' என்ற பெயரை எஸ்-ஸிலும் இசட்-டிலும் பிரித்துப் பிரித்து ஒன்று சேர்ப்பதில் எனக்கு இரண்டு வாரம் போகும். பிறகு பட்டியல் வாஷிங்டனுக்குப் போய், குடியேற்றத் துறை ஒவ்வொரு பெயராகச் சரிபார்க்கும். சிலர் தகுதி, சிலர் தகுதி இல்லை, சிலர் 'தெரியவில்லை'. தெரியாதவர்களின் நாட்களில் ஒரு பங்கைத்தான் ஒப்புக்கொள்வார்கள்.

இனி பணம். கணக்கு புரிவதற்காக நான் போடும் எண்கள் இவை, எந்த ஊருடையதும் அல்ல. நாளொன்றுக்கு 1,000 கைதிகள் இருக்கும் ஜெயில். வருஷத்துக்கு 3,65,000 கைதி-நாள். ஜெயிலின் மொத்தச் செலவு 3 கோடியே 65 லட்சம் டாலர், ஆக ஒரு நாளுக்கு 100 டாலர். ஆனால் ஸ்காப் பார்ப்பது காவலர் சம்பளத்தை மட்டும். அது 2 கோடி டாலர் என்றால் நாளுக்கு 55 டாலருக்குச் சற்றுக் குறைவு. தகுதியான கைதிகளின் நாட்கள் 4,000 என்று வையுங்கள். கவுண்டிக்கு உண்மையில் ஆனது 4 லட்சம். ஸ்காப் ஒப்புக்கொள்வது சுமார் 2 லட்சத்து 19 ஆயிரம். அதையும் முழுதாகக் கொடுக்காது. நாடு முழுக்க வந்த கோரிக்கைகளைக் கூட்டி, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஒதுக்கிய பணத்தை விகிதப்படி பிரிப்பார்கள். அந்த வருஷம் டாலருக்கு 20 சென்ட் கிடைத்தால் கையில் வருவது 44 ஆயிரத்துக்கும் கீழே. செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 11 சென்ட். அதுவும் இரண்டு வருஷம், மூன்று வருஷம் கழித்து. நடுவில் இதற்கென்றே இருக்கும் கன்சல்டன்ட் கம்பெனிகள் விண்ணப்பம் போட்டுக் கொடுத்து வந்ததில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். நான் சேர்வதற்கு முன் எங்கள் கவுண்டியும் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிச் செலவு இதில் எங்குமே இல்லை. 1976-ல் டெக்சாஸ் கைதி ஒருவர் தொடுத்த வழக்கில், சிறையில் இருப்பவரின் கடுமையான நோயைக் கண்டும் காணாமல் விடுவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. குடியுரிமை பார்த்து மருந்து கொடுக்க முடியாது. டயாலிசிஸ் தேவைப்படும் ஒரே ஒரு கைதி சின்னக் கவுண்டியின் மருத்துவ பட்ஜெட்டைக் காலி செய்துவிடுவார். அவர் எந்த நாட்டுக்காரர் என்று கிட்னிக்குத் தெரியாது.

"ஃபெடரல் அரசே முழுதும் தரட்டும் என்று ஏன் யாரும் கேட்கவில்லை?" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டார்கள், தோற்றார்கள். 1986-ல் ரீகன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்திலேயே மாநிலங்களுக்கு ஈடு கொடுக்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. பணம்தான் ஒதுக்கப்படவில்லை. 1994-ல் கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா, டெக்சாஸ், அரிசோனா, நியூ ஜெர்சி என்று வரிசையாகக் கோர்ட்டுக்குப் போனார்கள். எல்லையைக் காக்கத் தவறியதால் எங்களுக்குச் செலவு, கொடு என்றார்கள். இது ஒரு படையெடுப்பு, அரசியல் சாசனப்படி எங்களைக் காப்பது உன் கடமை என்றுகூட வாதாடினார்கள். 1995-க்கும் 1997-க்கும் இடையில் மேல்முறையீட்டுக் கோர்ட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வழக்குகளைத் தள்ளின. குடியேற்றக் கொள்கையை எப்படி நடத்துவது என்பது அரசியல்வாதிகள் தீர்க்க வேண்டிய விஷயம், நீதிபதிகள் தீர்ப்பதல்ல என்றன. ஒருவரைச் சிறையில் போடுவது மாநிலம் தன் சொந்தக் குற்றவியல் சட்டப்படி எடுக்கும் முடிவு, வாஷிங்டன் போடச் சொல்லவில்லை என்றும் சொன்னார்கள். இந்த இரண்டாவது காரணத்தை மறந்துவிடாதீர்கள், திரும்பி வருகிறேன்.

கோர்ட்டில் கிடைக்காதது காங்கிரஸில் கொஞ்சம் கிடைத்தது. 1994-ன் குற்றத் தடுப்புச் சட்டத்தில் ஒரு வாசகம் வந்தது: மாநிலமோ கவுண்டியோ கேட்டால், அட்டர்னி ஜெனரல் (ஃபெடரல் நீதித் துறையின் தலைவர்) அந்தக் கைதிக்கான செலவை ஈடு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கைதியைத் தன் காவலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பணத்தைக் கொடு, இல்லையேல் ஆளைக் கொண்டுபோ. படிக்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் பணம் ஒதுக்கினால்தான் பணம். 2002-ல் 56 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள், அடுத்த வருஷமே 25 கோடி. 2008 முதல் 2011 வரை ஆண்டுக்கு 95 கோடி வரை தரலாம் என்று சட்டம் அனுமதித்தது, 2010-ல் வந்தது 33 கோடி. 2020-க்குப் பிறகு 25 கோடிக்குள் நிற்கிறது. புஷ், ஒபாமா, ட்ரம்ப் மூவருமே ஏதாவது ஒரு வருஷ பட்ஜெட்டில் இதை அடியோடு நிறுத்தப் பார்த்தவர்கள். காங்கிரஸ்தான் திரும்பத் திரும்ப உயிர் கொடுத்தது. எனவே கூட்டத்தில் ஒரு கட்சியைத் திட்டிவிட்டு இன்னொன்றைப் பாராட்டி வைத்திருக்கும் இரண்டாவது பத்தியும் வேண்டாம்.

சரி, யார் கொடுக்க வேண்டும்? இத்தனை வருஷம் அந்த ஷீட்டைப் பார்த்து எனக்கு வந்த முடிவு இது: சிறையில் இருக்கும் ஒவ்வொரு நாளையும் யார் முடிவு செய்கிறாரோ, அந்த நாளுக்கு அவர் கொடுக்கட்டும்.

கைதானதிலிருந்து தீர்ப்பு வரை உள்ள நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். கைது செய்தது நம் ஊர் போலீஸ். ஜாமீன் தொகையைச் சொன்னது நம் ஊர் மாஜிஸ்ட்ரேட். வழக்கை மூன்று முறை தள்ளிப்போட்டது நம் ஊர் கோர்ட். டெக்சாஸ் கவுண்டி ஜெயில்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இப்படித் தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள்தான், குடிமக்களும் சேர்த்து. இந்த நாட்களுக்கு வாஷிங்டன் பணம் கொடுத்தால் நம் கோர்ட் இன்னும் மெதுவாகத்தான் நடக்கும். அந்த 1990-களின் நீதிபதிகள் சொன்ன இரண்டாவது காரணத்தை நான் இங்கே முழுதாக ஒப்புக்கொள்கிறேன். இது கவுண்டியின் செலவு.

தண்டனை நாட்களில்தான் உங்கள் வாதத்துக்கு வலு இருக்கிறது. "அவர் இங்கே இருந்திருக்கவே கூடாது" என்பது ஃபெடரல் அரசின் சொந்தச் சட்டம். அந்தச் சட்டத்தைத் தான் மட்டுமே அமல்படுத்துவேன், என் அனுமதியில்லாமல் மாநிலம் அதில் கை வைக்கக் கூடாது என்று உரிமை கொண்டாடுகிற அரசு, அது தவறிய இடத்தில் விழும் செலவையும் ஏற்கத்தான் வேண்டும். மருத்துவம் சேர்த்து உண்மையான செலவைத் தரட்டும், அல்லது 1994 சட்டம் சொன்னபடி ஆளை எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் இதில் கவுண்டிக்கு வரும் பங்கு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. டெக்சாஸில் ஃபெலனி தண்டனை பெற்றவரின் காகிதங்கள் தயாரானதும் ('பேப்பர் ரெடி' என்பார்கள்) 45 நாளுக்குள் மாநிலச் சிறை எடுத்துக்கொள்ள வேண்டும். கவுண்டியில் தங்குவது பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு மிகாத மிஸ்டிமீனர் தண்டனைகள். பெரிய பில் மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்கு, சின்ன பில் நமக்கு.

மூன்றாவது வகை நாட்கள்தான் என்னை உண்மையில் எரிச்சல்படுத்தியவை. தண்டனை முடிந்துவிட்டது, அல்லது ஜாமீன் கட்டியாயிற்று. ஆள் போகலாம். ஆனால் ஃபெடரல் குடியேற்ற அமலாக்கப் பிரிவான 'ஐஸ்' அமைப்பின் டிடெய்னர் ஒன்று ஃபைலில் இருக்கிறது: நாங்கள் வரும்வரை 48 மணி நேரம் வைத்திருங்கள். இது ஒரு வேண்டுகோள்தான், கட்டளை அல்ல என்று 2014-ல் பென்சில்வேனியா வழக்கு ஒன்றில் மேல்முறையீட்டுக் கோர்ட் சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவர் அமெரிக்கக் குடிமகன் என்பது தனிக்கதை. ஆனால் டெக்சாஸ் 2017-ல் ஒரு சட்டம் போட்டு, கவுண்டி ஜெயிலை நடத்தும் ஷெரிஃப்கள் இந்த வேண்டுகோளுக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்றது. செலவு? ஆளைத் தன் காவலில் எடுக்கும்வரை தனக்கு எந்தப் பணப் பொறுப்பும் இல்லை என்று ஃபெடரல் விதியே எழுதிவைத்திருக்கிறது. கேட்பது வாஷிங்டன், உத்தரவு போடுவது ஆஸ்டின், பணம் நம்முடையது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! 2025-ல் வந்த லேக்கன் ரைலி சட்டம், திருட்டு போன்ற குற்றச்சாட்டு இருந்தாலே குடியேற்றக் காவல் கட்டாயம் என்று ஆக்கிவிட்டதால் இந்த டிடெய்னர் காகிதங்கள் கூடும். இந்த மணி நேரங்களுக்கு ஒரு சென்ட் பாக்கி இல்லாமல் ஃபெடரல் அரசு தர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே ஜெயிலில், அடுத்த ப்ளாக்கில், ஐஸ் தன் குடியேற்றக் கைதிகளை வைக்கக் கட்டிலை வாடகைக்கு எடுத்திருக்கலாம். பல கவுண்டிகள் அப்படி ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அதற்கு ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு என்று பேசி வைத்த முழுத் தொகை வந்துவிடும். எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவருக்கும் முழுப் பணம், தண்டனை பெற்றவருக்கு சென்ட் கணக்கு. "ஃபெடரல் அரசிடம் பணம் இல்லை" என்று யாராவது மேடையில் சொன்னால் இதைக் கேளுங்கள். 2025 ஜூலையில் நிறைவேறிய பெரிய வரிச் சட்டத்திலும் மாநிலங்களுக்கு ஈடு கொடுக்க 350 கோடி டாலர் நிதி ஒன்று ஒதுக்கியிருக்கிறார்கள். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'பைடன்' என்று வரும். பெயர் வைக்க உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்!

இனி உங்கள் பேச்சில் நான் சிவப்பு மையால் சுழித்தவை.

"ஒரு கைதிக்கு நாளுக்கு இத்தனை டாலர், அவர்களை அனுப்பிவிட்டால் அத்தனையும் மிச்சம்" என்கிறீர்கள். மிச்சமாகாது. டெக்சாஸ் விதிப்படி 48 கைதிகளுக்கு ஒரு காவலர் வேண்டும். நான் மேலே போட்ட 4,000 நாள் என்பது சராசரியாக 11 கட்டில். 11 பேர் குறைந்தால் பெரும்பாலும் ஒரு காவலர்கூடக் குறைய மாட்டார். விளக்கு எரியும், கொதிகலன் ஓடும். மிச்சமாவது சாப்பாடு, துணி, மருந்துச் செலவு மட்டும். இதற்கு மறுபக்கமும் உண்டு: எண்ணிக்கை ஒரு 48-ஐத் தாண்டினால் ஒரு இடத்தை 24 மணி நேரமும் நிரப்ப சுமார் ஐந்து பேரை வேலைக்கு எடுக்க வேண்டிவரும். சராசரிச் செலவை வைத்துப் பேசினால் நிதி அதிகாரி ஒரே வாக்கியத்தில் உங்களை உட்கார வைத்துவிடுவார். நானே பலரை உட்கார வைத்திருக்கிறேன்.

"குற்றங்களில் பெரும்பகுதி இவர்களால்தான்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். டெக்சாஸ் பொதுப் பாதுகாப்புத் துறையின் 2012 முதல் 2018 வரையிலான கைதுத் தகவல்களை வைத்து 2020-ல் வெளியான ஆய்வில், வன்முறைக் குற்றத்துக்குக் கைதாகும் விகிதம் இங்கே பிறந்தவர்களிடம் ஆவணமில்லாதவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. "வரி கட்டுவதில்லை" என்பதும் நிற்காது. வாடகைக்கு இருப்பவர் கொடுக்கும் வாடகையில் வீட்டு வரி ஒளிந்திருக்கிறது, கடையில் விற்பனை வரி. 2022-ல் மட்டும் ஆவணமற்றவர்கள் எல்லா மட்டத்திலும் சேர்த்துச் சுமார் 9,670 கோடி டாலர் வரி கட்டியதாக வரிக் கொள்கை ஆய்வு நிறுவனமான ஐடெப் மதிப்பிட்டிருக்கிறது.

"தண்டனை எதற்கு, நேராக விமானம் ஏற்ற வேண்டியதுதானே?" பொதுவாகத் தண்டனை முடியும்வரை நாடுகடத்தக் கூடாது என்பது சட்டம். வன்முறையில்லாத குற்றங்களுக்கு முன்கூட்டியே அனுப்ப ஒரு வழி இருக்கிறது. மற்றபடி, உங்கள் வீட்டை உடைத்தவனுக்கு அரசுச் செலவில் ஊருக்கு டிக்கெட் என்றால் ஒப்புவீர்களா?

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்த 1994 சட்டத்தில் 'ஆவணமற்ற குற்றவாளி' என்றால் யார் என்று இருக்கிறது. எல்லை தாண்டி வந்தவர் மட்டுமில்லை. முறையான விசாவில் வந்து, அந்த நிலையைத் தக்கவைத்துக்கொள்ளத் தவறியவரும் அதில் சேர்த்தி. வேலை போய், 60 நாள் அவகாசமும் தாண்டி, வேறு வழி செய்துகொள்ளாமல் இருக்கும் எச்-1பி காரர் ஒருவர் குடித்துவிட்டுக் கார் ஓட்டி மாட்டி, வீட்டுச் சண்டையில் இன்னொரு வழக்கும் சேர்ந்து இரண்டிலும் தண்டனையானால் அவரும் என் ஷீட்டில் ஒரு வரிசை. பிறந்த நாடு என்ற கட்டத்தில் 'இந்தியா' என்று நானே தட்டியிருக்கிறேன். ஒருமுறை பெயரைப் பார்த்தால் எங்கள் மாவட்டத்துக்காரர் போல இருந்தது. அன்று மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. கூட்டத்தில் 'இல்லீகல்ஸ்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'தண்டனை பெற்ற, ஆவணமற்றவர்கள்' என்று சொல்லுங்கள். ஸ்காப் சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்கிறது, நீங்களும் துல்லியமாகப் பேசியவர் ஆவீர்கள்.

கூட்டத்துக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். டெக்சாஸ் ஜெயில் தரக் கமிஷன் தன் இணையதளத்தில் 'இமிக்ரேஷன் டிடெய்னர் ரிப்போர்ட்' என்று கவுண்டிவாரியாக வெளியிடுகிறது: எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு செலவு. உங்கள் கவுண்டியின் 12 மாதக் கணக்கை எடுத்து ஒரே தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவும் சராசரிக் கணக்குதான் என்பது நினைவிருக்கட்டும். டிடெய்னர் உள்ளவர் எல்லோரும் ஆவணமற்றவர் இல்லை, கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் வரும்.

பிறகு கமிஷனர்களிடம் கேளுங்கள். (கமிஷனர்ஸ் கோர்ட் என்று பெயர் இருந்தாலும் அது நீதிமன்றம் இல்லை. நடுவில் இருக்கும் 'ஜட்ஜ்' வழக்கு விசாரிக்க வரவில்லை, பட்ஜெட் போட வந்திருக்கிறார். பயப்பட வேண்டாம்.) போன சுற்றில் ஸ்காப்புக்கு விண்ணப்பித்தோமா? எத்தனை நாள் கோரினோம், எத்தனை நாளுக்கு வந்தது? கன்சல்டன்டுக்கு எவ்வளவு போனது? வந்த பணத்தைச் சட்டப்படி ஜெயிலுக்கே செலவழித்தோமா, அதன் கணக்கு எங்கே? தண்டனை முடிந்த பிறகு டிடெய்னருக்காக மட்டும் வைத்திருந்த மணி நேரம் எவ்வளவு என்று ஷெரிஃப் தனியாகக் கணக்கு வைக்கிறாரா? 2025-ல் மாநிலம் போட்ட செனட் பில் 8 என்ற சட்டப்படி, குடியேற்றச் சட்ட அமலில் கைகொடுக்க ஐஸுடன் போட வேண்டிய ஒப்பந்தத்துக்கு ஷெரிஃப் தன் காவலர்களில் (டெபுட்டிகளில்) எத்தனை பேரை ஒதுக்கப் போகிறார், மாநிலம் தரும் மானியம் அதற்குப் போதுமா?

கடைசிக் கேள்வியை முதலில் வையுங்கள். அதற்கு மட்டும்தான் இந்த வருஷ பட்ஜெட்டில் அவர்கள் இன்னும் எண்ணை மாற்ற முடியும். பெயர் பதியும் சீட்டை வாசலிலேயே வாங்கி, கூட்டம் தொடங்கும் முன் கிளார்க்கிடம் கொடுத்துவிடுங்கள். அந்தத் தாளில் ஏழு பிரதி கையில் இருக்கட்டும்: ஜட்ஜுக்கு ஒன்று, நான்கு கமிஷனர்களுக்கு நான்கு, கிளார்க்குக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று.